திண்ணையில் நடக்கும் சண்டை

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில், குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், மயக்கத்தின் ஆழத்தை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு பென்சில் போதும். குழந்தையின் நகத்தின் மேல் பென்சிலை வைத்து அழுத்துவார்கள். கையை இழுத்துக்கொண்டால் ஒரு மதிப்பெண். மார்பெலும்பில் விரல்முட்டியால் அழுத்தும்போது வலிக்கும் இடத்தைத் தேடிக் கை வந்தால் இரண்டு. சரியாக அழுதால் இரண்டு, வெறுமனே முனகினால் ஒன்று. மீதமிருக்கும் ஒரு மதிப்பெண் கண்ணுக்கு. அம்மாவின் முகம் நகரும்போது குழந்தையின் பார்வையும் கூடவே நகர்ந்தால் அது கிடைக்கும். மொத்தம் ஐந்து. இரண்டோ அதற்குக் கீழோ என்றால் ஆழ்மயக்கம்.

இந்தக் கணக்கு அச்சேறியது 1989இல். பெரியவர்களுக்கான கிளாஸ்கோ அளவுகோல் பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும். பேசக் கற்காத குழந்தையிடம் அது செல்லாது. மால்கம் மாலினூ, டெர்ரி டெய்லர் என்ற இரு மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் அதை மாற்றி அமைத்தார்கள். ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. டெய்லர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களிலிருந்து ஆண்டுதோறும் மழை மாதங்களை பிளான்டயரில் கழித்துவந்தவர். மழை பிடித்தால் கொசு, கொசுவுக்குப் பின்னாலேயே காய்ச்சல், காய்ச்சலுக்குப் பின்னாலேயே முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வரும் தாய்மார்கள்.

முந்தின நாள்வரை ஓடியாடிய பிள்ளையாக இருக்கும். காய்ச்சல் அடிக்கும், சோறு இறங்காது, பிறகு வலிப்பு வரும், அதற்குப் பின் கண் திறக்காது. எல்லாம் சேர்ந்து ஓரிரு நாள்தான். மருத்துவமனைக்கு வந்து மருந்து ஏறிய பிறகும் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேர் இறந்துபோவார்கள், பெரும்பாலோர் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். மற்றவர்களிடம்தான் விந்தை. இரண்டு நாள் அசைவற்றுக் கிடந்த குழந்தை கண் விழிக்கும், எழுந்து உட்காரும், கஞ்சி கேட்கும். பக்கவாதத்தில் செத்த மூளைத்திசு இப்படித் திரும்பி வருவதில்லை. அப்படியானால் அந்த இரண்டு நாளும் மூளைக்குள் என்னதான் நடந்தது?

நோயின் பெயர் மூளை மலேரியா. ஆனால் மூளைத்திசுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணி நுழைவதே இல்லை.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர்கள் ரோம் நகரத்து மருத்துவர்கள். எத்தோரே மார்க்கியாஃபாவாவும் அமிக்கோ பிக்னாமியும் 1890களின் தொடக்கத்தில், மலேரியாவால் மயங்கி இறந்தவர்களின் மூளைச் சீவல்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அல்ஜீரியாவில் லவெரான் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கொசுதான் அதைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிய இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. ரோமாபுரிக்காரர்கள் பார்த்தது இதுதான்: மயிரிழையிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் முழுக்க ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணுக்கள் கோத்த மணிபோல வரிசை கட்டி அடைத்து நின்றன. குழாய்க்கு வெளியே, மூளைத்திசுவில், ஒன்றும் இல்லை.

சென்னைவாசிக்கு மலேரியா என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி, விரல்நுனியில் ஊசி, கசக்கும் குளோரோகுயின் மாத்திரை, ஒருநாள்விட்டு ஒருநாள் போர்வைக்குள் நடுக்கம். அது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இனத்தின் வேலை. மனிதரைப் படுத்தும், திரும்பத் திரும்ப வரும், ஆனால் மூளை நாளங்களில் போய்க் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. ஒட்டுவது ஃபால்சிபாரம். இரண்டும் மலேரியா என்ற ஒரே பெயரில் அறியப்படுவதால் வரும் அலட்சியம் கொஞ்சநஞ்சமல்ல.

ஃபால்சிபாரம் ஏன் ஒட்ட வேண்டும்? மண்ணீரலுக்குப் பயந்து. கிழடுதட்டிய, விறைத்துப்போன சிவப்பணுக்களைச் சலித்தெடுத்து அழிப்பது மண்ணீரலின் வேலை. ஒட்டுண்ணி குடியேறிய சிவப்பணு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வெடித்து அடுத்த தலைமுறையை வெளியே விடும். இந்தக் காலத்தின் முதல் பாதியில் அது மற்ற அணுக்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். பின்பாதியில் விறைப்பேறிவிடும், மண்ணீரல் வழியாகப் போனால் மாட்டிக்கொள்ளும். அதனால் அணுவின் மேல்தோலில் சிறு சிறு முண்டுகளை எழுப்பி, ஒவ்வொரு முண்டின் உச்சியிலும் ஒரு பசைப் புரதத்தை நீட்டி, ஏதாவது ஒரு ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஓடாத அணு மண்ணீரலுக்குப் போகாது. அந்தப் புரதத்தை எழுதும் மரபணுக்கள் ஓர் ஒட்டுண்ணியிடம் அறுபதுக்கு அருகில் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உடுத்திக்கொள்ளும். உடல் அந்த உடையை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிப்பதற்குள் அடுத்ததை மாற்றிக்கொள்ளும். 1995இல் இந்த மரபணுக் குடும்பத்தைப் பிரித்தெடுத்தபோது, மலேரியாவுக்கு எதிரான பாதுகாப்பு ஏன் ஒரே காய்ச்சலில் வந்துவிடுவதில்லை என்ற பழைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது.

இந்த உடைகளில் சில மூளையின் நாளங்களை நன்றாகப் பிடிக்கும். எதைப் பற்றிப் பிடிக்கிறது என்பதில்தான் விபரீதம். ரத்தக்குழாயின் உட்சுவர் வெறும் குழாய்ச்சுவர் அல்ல. ஒரே அடுக்கு உயிரணுக்கள் பாவிய தரை அது. பழைய வீட்டின் திண்ணையைப் போல. தெருவில் போவோர் வருவோர் உட்கார்ந்து எழுவதும் அங்கேதான், யாரை உள்ளே விடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்வதும் அங்கேதான். மூளை நாளங்களின் திண்ணை மற்ற உறுப்புகளைவிடக் கெடுபிடியானது. இடுக்கு இல்லாமல் பூசியது. அந்தத் திண்ணையில் ஒரு புரதம் உண்டு, அதன் வேலை 'சி' என்ற ரத்தப் புரதத்தைப் பிடித்து வைத்து முடுக்கிவிடுவது. முடுக்கப்பட்ட சி இரண்டு நல்ல காரியம் செய்யும்: ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும், சுவரின் இடுக்குகளை இறுக்கமாக வைத்திருக்கும். 2013இல் கோபன்ஹேகன், சியாட்டில் ஆய்வாளர்கள் கண்டது: கடும் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள் சரியாக இந்தப் பிடியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஒட்டுண்ணி உட்கார்ந்த இடத்தில் சி உட்கார முடியாது. அதே ஆண்டில் மலாவிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஒட்டுண்ணி அடைந்த மூளை நாளங்களில் அந்தப் பிடிப்புரதமே குறைந்துபோயிருந்தது, அங்கங்கே நார் உறைகட்டிகள் படிந்திருந்தன. மூளையின் நாளங்களில் இந்தப் புரதம் இயல்பிலேயே சொற்பம். மற்ற உறுப்புகள் தாங்கும் இழப்பை மூளை தாங்காததற்கு இது ஒரு காரணம்.

இங்கே இன்னொரு கட்சிக்காரர் வந்து சேர்கிறார். நோயெதிர்ப்பு.

'வேலியே பயிரை மேய்ந்தது' என்ற பழமொழி உடனே நாக்கில் வரும். 1980களில் மருத்துவ உலகத்துக்கும் ஏறக்குறைய அதுதான் தோன்றியது. ஒட்டுண்ணி வெடிக்கும்போது சிதறும் குப்பையைக் கண்டு வெள்ளணுக்கள் டி.என்.எஃப். என்ற எச்சரிக்கைப் பொருளை அள்ளி வீசுகின்றன. அளவாக இருந்தால் அது காய்ச்சலைத் தரும், ஒட்டுண்ணியைக் குறைக்கும். அளவு மீறினால் நாளச் சுவரை உசுப்பிவிடும், சுவர் இன்னும் அதிகமான ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டும், இன்னும் அதிக ஒட்டுண்ணி வந்து ஒட்டும். கான்பெராவில் இயன் கிளார்க் இந்தத் திசையில் வாதாடிக்கொண்டிருந்தார். 1987இல் ஜெனீவாவின் ஜார்ஜ் கிராவும் கூட்டாளிகளும் டி.என்.எஃப்.ஐ முடக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தார்கள், மூளை மலேரியாவில் சாக வேண்டிய எலிகள் பிழைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் மலாவியிலும் காம்பியாவிலும் இறந்த குழந்தைகளின் ரத்தத்தில் டி.என்.எஃப். ஏறியிருந்தது அளந்து காட்டப்பட்டது. எலி சொன்னதும் குழந்தைகளின் ரத்தம் சொன்னதும் ஒன்றாக இருந்தன. வழக்கு முடிந்த மாதிரிதான்.

காம்பியாவில் 610 குழந்தைகளிடம் அதே உபாயத்தைச் சோதித்தார்கள். முடிவு 1996இல் வெளிவந்தது. டி.என்.எஃப்.ஐ அடக்கும் எதிர்ப்பொருள் பெற்றவர்களில் இறந்தவர்கள் 19.9 விழுக்காடு. வெற்று மருந்து பெற்றவர்களில் 20.8. வித்தியாசம் இல்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிழைத்தவர்களில் நரம்புக் குறைபாடு தங்கியவர்கள் எதிர்ப்பொருள் பெற்ற குழுவில் 6.8 விழுக்காடு, மற்றதில் 2.2. அடக்கப் போன மருந்து பிள்ளைகளின் மேல் கூடுதல் சுமையை ஏற்றிவிட்டிருந்தது.

இந்தத் தோல்வி முதல் தோல்வியும் அல்ல. தாய்லாந்தில் டேவிட் வாரெல் தலைமையில் நூறு நோயாளிகளிடம் டெக்சாமெத்தசோனைச் சோதித்து 1982இலேயே முடிவை வெளியிட்டிருந்தார்கள். வீக்கத்தையும் நோயெதிர்ப்பின் கொதிப்பையும் தணிக்க இன்றும் ஊர்தோறும் ஊசிபோடும் அதே ஸ்டீராய்டு. மூளை மலேரியாவில் மூளை வீங்குகிறது என்ற ஊகத்தில் அதுவரை உலகெங்கும் மருத்துவர்கள் அதைத் தாராளமாகக் கொடுத்துவந்தார்கள். சாவு எண்ணிக்கை இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பிழைத்தவர்களின் மயக்கம் வெற்று மருந்துக் குழுவில் சராசரி 47 மணி நேரத்தில் தெளிந்தது, ஸ்டீராய்டு குழுவில் 63 மணி நேரம் ஆயிற்று. நிமோனியாவும் குடல் ரத்தக்கசிவும் கூடுதலாக வந்தன. நல்லெண்ணத்தில் கொடுக்கப்பட்ட ஒரு மருந்தை ஒழுங்கான சோதனை இப்படித் தலைகீழாக்கிய கதை மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லப்பட வேண்டியது.

ஆக, வேலி பயிரை மேய்கிறது என்றால் வேலியைப் பிடுங்கினால் பயிர் பிழைக்க வேண்டும். பிழைக்கவில்லை. பழமொழியில் எங்கோ ஓட்டை.

ஓட்டையைக் காட்டியது பிணக்கூறாய்வு அறை. 1990களின் நடுவிலிருந்து டெய்லரின் குழு, மூளை மலேரியா என்று தீர்மானித்து மருத்துவம் பார்த்தும் இறந்துபோன குழந்தைகளின் உடலை ஆராயப் பெற்றோரிடம் அனுமதி கேட்கத் தொடங்கியது. குழந்தை இறந்த சற்று நேரத்தில் இதைக் கேட்பது எத்தகைய காரியம் என்று விளக்கத் தேவையில்லை. கேட்பவருக்கும் அது தண்டனை. இருந்தும் சில பெற்றோர் சம்மதித்தார்கள். இன்று மனித மூளை மலேரியா பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அந்தச் சம்மதங்களின்மேல் நிற்கிறது. கட்டுரைகளின் கடைசி வரியில் வரும் நன்றி அதற்கு ஈடாகாது.

2004இல் வெளியான முடிவு மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. இப்படி ஆராயப்பட்ட 31 குழந்தைகளில் ஏழு பேருக்கு மூளை நாளங்களில் ஒட்டுண்ணி அடைப்பே இல்லை. அவர்கள் இறந்தது வேறு நோய்களால். ரத்தத்தில் மலேரியா இருந்தது உண்மை. ஆனால் மழைக்காலத்து பிளான்டயரில் நலமாக விளையாடும் பிள்ளைகளின் ரத்தத்திலும் அது இருக்கும். மயக்கம், காய்ச்சல், ரத்தத்தில் ஒட்டுண்ணி என்ற மூன்றும் சேர்ந்தால் மூளை மலேரியா என்ற இலக்கணம் நாலில் ஒரு முறை ஏறக்குறையத் தவறியிருக்கிறது. அதுவரை நடந்த மருந்துச் சோதனைகளிலும் இதே கலப்படம் இருந்திருக்கும் என்பதை யோசித்தால், எந்தத் தோல்வி உண்மையான தோல்வி என்பதே குழம்பிப்போகும்.

அந்த ஏழு பேரையும் மற்ற இருபத்துநாலு பேரையும் உயிரோடு இருந்தபோதே பிரித்துக் காட்டிய அடையாளம் ஒன்று இருந்தது. கண்.

விழித்திரை மூளையிலிருந்து முளைத்த திசு. அதன் நாளங்களும் மூளை நாளங்களைப் போலவே கெடுபிடியானவை. கண்மணியை மருந்துவிட்டு விரித்து உள்ளே பார்த்தால், கபாலத்தைத் திறக்காமலே மூளையின் ஒரு சன்னலைத் திறந்த மாதிரி. சூசன் லெவாலன், லிவர்பூலைச் சேர்ந்த நிக்கலஸ் பியர், சைமன் ஹார்டிங் முதலான கண் மருத்துவர்கள் பிளான்டயரில் வார்டு வார்டாகப் பார்த்துக் குறித்துவைத்தது: விழித்திரையில் திட்டுத் திட்டாக வெளுப்பு, நடுவில் வெள்ளைப்புள்ளி வைத்த ரத்தப்பொட்டுகள், சிவப்பாக இருக்க வேண்டிய நாளங்கள் ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ மாறியிருப்பது. நிறம் மாறுவதற்குக் காரணம் எளிமையானது. ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்றுவிடுகிறது, உள்ளே சிவப்பு மிச்சமில்லை. அப்படி வெளுத்துப்போன அணுக்கள் சுவரோரம் அடைந்து நிற்பதைத்தான் மருத்துவர் கண்ணாடி வழியே பார்க்கிறார். மூளைச் சீவலில் ரோமாபுரிக்காரர்கள் பார்த்த அதே மணிவரிசை, நூறாண்டு கழித்து உயிருள்ள குழந்தையின் கண்ணில். உலகத்தில் வேறு எந்த நோயிலும் நாளங்கள் இப்படி நிறம் மாறுவதில்லை.

கண் சரியான குழந்தைகளைப் பொறுக்கித் தந்தது. எம்.ஆர்.ஐ. அவர்களுடைய மூளையைக் காட்டியது. 2008இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஒரு எம்.ஆர்.ஐ. கருவியை பிளான்டயர் மருத்துவமனைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பெருநகர மருத்துவமனைகளில் இருப்பதோடு ஒப்பிட்டால் திறன் குறைந்த சிறு காந்தம்தான். கார்ல் சைடல், டெய்லர் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் விழித்திரை அடையாளம் உறுதியான 168 குழந்தைகள் இருந்தார்கள். இறந்தவர்கள் 25 பேர். அவர்களில் 21 பேரின் மூளை, மருத்துவமனையில் சேர்ந்தபோதே கபாலத்துக்குள் இடமில்லாத அளவு வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அப்படி வீங்கியிருந்தவர்கள் 39 பேர் மட்டுமே. அவர்களின் மூளை அடுத்தடுத்த நாள்களில் தானாகவே வடிந்தது.

வீங்கிய மூளைக்குப் போக்கிடம் இல்லை. கீழ்நோக்கி, மூளைத்தண்டின்மேல் இறங்கும். மூச்சுக்கு உத்தரவிடும் இடம் அங்கேதான். வார்டில் இருப்பவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்ததை இந்தப் படம் விளக்கியது: குழந்தையின் மூச்சு திடீரென நின்றுபோகும், இதயம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் துடித்துக்கொண்டிருக்கும்.

1982இல் தாய்லாந்தில் ஸ்டீராய்டை வீழ்த்திய சோதனைக்குப் பின் மூளை வீக்கம் என்ற எண்ணத்தையே பலர் ஓரங்கட்டியிருந்தார்கள். அது முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்தது. ஸ்டீராய்டு தோற்றது என்பதால் வீக்கமே பொய் என்று முடிவு கட்டியது எவ்வளவு அவசரம்! வீக்கம் பல வகை. சுவர் ஒழுகிக் கசியும் நீரால் வரலாம். ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குவதால் வரலாம். மூச்சுமுட்டிய அணுக்கள் நீரை உறிஞ்சி ஊதுவதாலும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எம்.ஆர்.ஐ. கருவியின் துணையோடு ஒடிசாவில் வேறொரு கதை வெளிப்பட்டது. ரூர்கேலா உருக்காலையின் இஸ்பாத் பொது மருத்துவமனையில் சஞ்சீப் மொஹந்தியும் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் வாஸ்மரும் சேர்ந்து செய்த ஆய்வு. ஆப்பிரிக்காவில் பெரியவர்களுக்கு மூளை மலேரியா அபூர்வம், சிறுவயதிலேயே காய்ச்சலில் புடம்போடப்பட்டவர்கள் அவர்கள். ஒடிசாவின் காடு சூழ்ந்த மாவட்டங்களில் நோய்ப்பரவல் அத்தனை ஓயாதது அல்ல, அதனால் வயதுவந்தவர்களும் மயக்கத்தில் விழுவார்கள். படங்களில் வயதுக்கேற்ற வேறுபாடு தெரிந்தது. குழந்தைகளிடம் வீக்கம் பெரிது. வயது ஏற ஏற வீக்கம் குறைந்துகொண்டே வந்தது. இறந்த பெரியவர்களின் மூளையில் அதிக வீக்கம் இல்லை, ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பரவலாகப் பட்டுப்போயிருந்தது. கூடவே அவர்களுக்கு மஞ்சள்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு என்று பல உறுப்புகளும் ஒன்றாகச் சரியும். ஒரே ஒட்டுண்ணி, ஒரே பசை, வயதைப் பொறுத்து வேறு சாவு.

வயதைப் பற்றிய இன்னொரு குறிப்பும் உண்டு. மலேரியா ஓயாது பரவும் ஊர்களில் கைக்குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் மலேரியாவால் வரும் கடும் ரத்தசோகை. மூளை மலேரியா அவர்களைவிடச் சற்று மூத்த, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைத் தாக்கும். உடம்பின் பாதுகாப்பு முதிர்ச்சி பெறத் தொடங்கும் வயது அது. இந்த நோய்க்கு ஒட்டுண்ணி மட்டும் போதாது, ஓரளவு தேறிய நோயெதிர்ப்பும் வேண்டும் என்று சந்தேகப்பட இது இடம் தருகிறது.

சந்தேகத்துக்கு உருவம் கிடைத்தது 2020இல். எலிகளிடம் நெடுங்காலமாகத் தெரிந்த சேதி ஒன்று: சி.டி.8 என்ற முத்திரை கொண்ட டி அணுக்கள், அதாவது நோய்பட்ட உயிரணுவை நேரில் கண்டு துளைபோட்டுக் கொல்லும் பிரிவு, மூளை நாளங்களில் கூடுகின்றன. அவற்றை நீக்கிவிட்டால் எலி பிழைக்கிறது. மனித மூளையில் அவை இல்லை என்றே பலகாலம் நம்பினார்கள். அதனாலேயே எலி ஆய்வுகள் மொத்தத்தையும் எள்ளி நகையாடியவர்கள் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சூசன் பியர்ஸின் குழு, மலாவியில் இறந்த குழந்தைகளின் மூளைச் சீவல்களைப் புதிய சாயங்களால் மறுபடி பார்த்தது. அணுக்கள் அங்கே இருந்தன. துளைபோடும் புரதங்களைச் சுமந்தபடி, நாளத்தின் உட்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றன. எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்திருந்த குழந்தைகளிடம் அவை இன்னும் அதிகம்.

சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை இந்த டி அணுக்களால் தொடவே முடியாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் காட்டும் அடையாள அட்டை முதிர்ந்த சிவப்பணுவிடம் இல்லை. அப்படியிருக்க யாரைக் கொல்ல வருகின்றன? எலிகளில் இதற்கு 2013இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். ஒட்டுண்ணி வெடிக்கும்போது சிதறும் துணுக்குகளை நாளச் சுவரின் உயிரணுக்கள் பொறுக்கி விழுங்கி, வழக்கப்படி அடையாள அட்டையில் ஏந்திக் காட்டுகின்றன. டி அணுவுக்கு அது போதும். திண்ணையில் எவனோ உண்டு எறிந்த எச்சில் இலை கிடக்கிறது, தேடி வந்த காவலர் இலையைக் கண்டு வீட்டுக்காரரை அடிக்கிறார். உண்டவன் தெருவோடு போய்விட்டான்.

கவனிக்க வேண்டியது, காவலரும் வீட்டுக்குள் போகவில்லை. ஒட்டுண்ணி குழாயின் ரத்தப்பக்கம், டி அணு ரத்தப்பக்கம், உறைகட்டி ரத்தப்பக்கம். சண்டை மொத்தமும் திண்ணையில். திண்ணை விரிசல்விட்டு நீர் உள்ளே கசிகிறது, வீட்டில் இருப்பவர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். நரம்பணுக்கள் பெரும்பாலும் நேரடியாகத் தாக்கப்படவில்லை. அதனால்தான் கசிவு வடிந்ததும் குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்க முடிகிறது. டி.என்.எஃப்.ஐ முடக்கியவர்களும் ஸ்டீராய்டு கொடுத்தவர்களும் குற்றவாளி ஒட்டுண்ணியா உடம்பா என்று கேட்டு, உடம்பு என்று தீர்ப்பெழுதி, அதன் கையில் இருந்த பல ஆயுதங்களில் ஒன்றை மட்டும் பிடுங்கினார்கள். இன்று ஆய்வின் கண் மெல்ல அந்தச் சுவரின்மேல் திரும்பியிருக்கிறது. பார்சலோனாவில் மரியா பெர்னபேயு மனித உயிரணுக்களைக் கொண்டு மூளை நாளங்களைச் சோதனைக்கூடத்தில் வளர்க்கிறார். உள்ளே ஒட்டுண்ணியை ஓடவிட்டு, சுவர் எப்போது, எதனால் விரிசல் விடுகிறது என்று பார்க்கிறார்கள். 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நோய் முற்றி மூளை வீங்கத் தொடங்கிய பின்பும் எலிகளைக் காப்பாற்றிய ஒரு மருந்தைக் காட்டினார்கள். டி அணுக்கள் வேகமாகப் பெருகத் தேவைப்படும் குளூட்டமின் என்ற சத்தைத் தடுப்பது அதன் வேலை. எலியைக் காப்பாற்றிய மருந்துகளின் பட்டியல் நீளமானது என்பதை காம்பியாவின் 610 குழந்தைகள் நினைவூட்டுகிறார்கள்.

இதற்கிடையில் உண்மையிலேயே சாவைக் குறைத்தது ஒட்டுண்ணியை வேகமாகக் கொல்லும் மருந்துதான். சீனத்தின் டூ யூயூ 1970களில் மாசிப்பத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் வழிவந்த ஆர்ட்டிசுனேட். ஆசியாவில் 1,461 பேரிடம் நடந்த சோதனையில் குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15. ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் 10.9 விழுக்காடு 8.5 ஆகக் குறைந்தது. சிவப்பணு சுவரில் ஒட்டும் வயதை எட்டுமுன்பே, இளம் ஒட்டுண்ணியிலேயே அது கை வைக்கிறது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவற்றையும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கைகலப்பையும் அதனால் பிரித்துவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். அவர்களில் 95 விழுக்காடு ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே நாலில் மூவர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

விழித்தெழும் பிள்ளைகளின் கதை வார்டு வாசலோடு முடிவதில்லை. உகாண்டாவின் கம்பாலாவில் மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளை சாண்டி ஜானின் குழு இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, நாலில் ஒருவருக்குக் கவனத்திலோ நினைவிலோ கற்றலிலோ குறை இருந்தது. பிளான்டயரில் கிரெட்சென் பிர்பெக், பிழைத்த 132 பேரைத் தொடர்ந்து பார்த்தார். 12 பேருக்குக் காலப்போக்கில் காக்காய்வலிப்பு வந்தது. ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்த 264 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வரவில்லை. வலிப்பு உடனே வரவில்லை. குழந்தை வீடு திரும்பி, குடும்பம் அந்த மழைக்காலத்தை மறக்கத் தொடங்கிய பிறகு, மாதங்கள் கழித்து வந்தது. சில நேரம் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு. சில நேரம் ஓரிரு கணம் வெறித்த பார்வை மட்டும். பேய் பிடித்தது என்றோ யாரோ செய்வினை வைத்தார்கள் என்றோ முடிவு கட்டிவிடும் ஊர்களில் அந்த வெறித்த பார்வையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக யாருக்கும் தோன்றாது.

யாருக்கு வலிப்பு வரும் என்று பிர்பெக் தேடியபோது இரண்டு தடயங்கள் முன்னால் நின்றன. நோயின்போது ஏறிய காய்ச்சலின் உச்சம், மயக்கத்தின்போது வந்த வலிப்பு. காய்ச்சல் என்பது அதே நோயெதிர்ப்பு மூட்டும் நெருப்பு. அதை முனைந்து அணைத்தால் பின்னால் வரும் சேதம் குறையுமா என்று பார்க்க, அவருடைய குழு மலாவியிலும் சாம்பியாவிலும் ஒரு சோதனையில் இறங்கியது. நாளச் சுவரின் புரதங்களையும் டி அணுக்களையும் குறிவைத்து உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் மருந்து தேடிக்கொண்டிருக்கையில், இங்கே கட்டிலோரம் வைத்திருந்தது இரண்டு பழைய சரக்கு. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, காய்ச்சல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், மூன்று நாள்.